எடை போடுமுன்

மொண்டேவீடியோவில், துறைமுகத்துக்குப் பின்னால்,
பழைய தாள் கிடங்கில் எனக்கு இரவு வேலை.
வாஷிங்டன் லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து
ஒரு வீட்டின் தாள்களை மொத்தமாகக் கொட்டுவான்.
வாஷிங்டன் என்றால் ஊரில்லை, ஆள்.
இந்த நாட்டில் அப்படியும் பெயர் வைப்பார்கள்.

அட்டை தனி, செய்தித்தாள் தனி,
கையால் எழுதிய நோட்டுகள் தனி.
கிலோவுக்கு எல்லாம் ஒரே விலைதான்.
தனியாக வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

முதல் நோட்டைத் திறந்தது
சுருள் கம்பியை உருவத்தான்.
பேருந்து நடத்துநர் ஒருவர் எழுதியது.
'இன்று நான்கு பேர் தூங்கினார்கள்.
மூவரை எழுப்பினேன்.
பச்சைக் கோட்டுக்காரியை
அவள் நிறுத்தம் தாண்டியும் விட்டுவிட்டேன்.
முகம் அப்படி இருந்தது.'

கம்பியை உருவாமல் அடுத்த பக்கம் போனேன்.
அன்று எடைமேடை நெடுநேரம் சும்மா நின்றது.

பிறகு எலிதா பெந்தாங்கூர்,
இறைச்சி ஆலையில் குடல் கழுவியவள்.
கை நாற்றத்துக்கு என்னென்ன போட்டாள் என்று
இருபது பக்கம்.
எலுமிச்சை, இரண்டு மணி நேரம் தாங்கும்.
அடுப்புச் சாம்பல், ஓர் இரவு.
'கல்யாணத்துக்கு முதல்நாள் ஒமார் சொன்னான்,
எதுவும் போடாதே, எனக்கும் அதே நாற்றம்தான்.'

கடன் கணக்கு மட்டுமே எழுதிய ஒருத்தி:
'ஹில்தாவுக்கு மூன்று முட்டை தரவேண்டும்.
தரக்கூடாது.
தந்துவிட்டால் அவள் கதவைத் தட்டமாட்டாள்.'

பத்திரம் எழுதுபவர் ஒருவர்
பத்தொன்பது வருடம் காற்றை மட்டும் எழுதினார்.
வடக்கு, மெல்ல. தெற்கு, மழையோடு.
நடுவில் ஒரு நாள்:
'காற்று இல்லை. க்ளோரிந்தா போனாள்.'
எங்கே போனாள்?
கல்லறைக்கா, கப்பலுக்கா, வேறொருவன் வீட்டுக்கா?
அவசரமாகப் புரட்டினேன்.
மறுநாள்: தென்கிழக்கு, பலமாக.

நாள் என்பது
எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை என்றுதான்
நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன்.
எழு, மாத்தேக்கு வெந்நீர் வை, போ, வா, படு.
இப்போது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
பையை மடியில் மாற்றி வைத்தாலும்
எதற்கோ இருக்கும் என்று பார்க்கிறேன்.
சிலர் முறைக்கிறார்கள்.

ஜூலையில், ஈரக்குளிரில், ஒரு நீல அட்டை நோட்டு.
பெயர் இல்லை. சாய்ந்த, நெருக்கமான எழுத்து.
'எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரன்
விடிகாலை ஆறரைக்கு வருகிறான்.
தொப்பியைக் கழற்றாமல்
ஜன்னல் கட்டையில் விரல்களால் தட்டுகிறான்.
பியானோ வாசிப்பவனாக இருக்கவேண்டும்.
ஏதோ விடுதியில், விடிய விடிய.'

தொப்பி என்னுடையது.
கட்டையும்.
தட்டியது
அந்த இரவின் கிலோக்களை விரல்விட்டுக் கூட்டியது.

இன்னும் பல பக்கங்களில் வாசித்துக்கொண்டிருந்தேன்.
மழை நாளில் மெதுவாக, சம்பள நாளில் வேகமாக.
ஒருமுறை, அவள் பிறந்தநாளன்று,
அவளுக்காகவே.
கடைசிக்குச் சற்று முன்னால்:
'வியாழன். இன்று அவன் தட்டவில்லை.
உடம்பு சரியில்லையோ.'

அந்த வியாழக்கிழமையை எவ்வளவோ தேடினேன்.
காய்ச்சலா, கூட்ட ஒன்றுமில்லாத இரவா?
என்னிடம் அது இல்லை.
அவளிடம்தான் இருந்தது.

விடிந்ததும் வீட்டுக்குப் போய் எதிரே பார்த்தேன்.
வாடகைக்கு என்று எழுதிய பலகை.
மூடிய ஜன்னலில்
யாரோ மறந்துபோன ஒரு துணிக் கவ்வி.

மாதக் கடைசியில் வால்கிரியா கணக்குப் பார்த்தாள்.
வந்த எடைக்கும் போன எடைக்கும்
நானூற்றுப் பத்து கிராம் உதைக்கிறதே என்றாள்.
தாள்தானே,
ஈரம் காய்ந்தால் குறையும் என்றேன்.